ஊரூர் முதல் முகத்துவாரம் வரை
(சென்னையில் புகைப்பட ஆர்வலர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. நீரில் மூழ்கப்போனவர்களைக் காப்பாற்றப் போய் 1930இல் உயிர்விட்ட ஷ்மிட் என்ற டென்மார்க்காரருக்காக எழுப்பியது. அங்கிருந்து வடக்கே நடந்தால் ஊரூர் ஆல்காட் குப்பம் வரும். படகுகளும் காயும் வலைகளும் தாண்டினால் அடையாற்றின் முகத்துவாரம், அதன் மேல் உடைந்த பாலம். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். என் படங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு கிலோமீட்டரில் எடுத்தவை. இன்று பேசப்போவதும் அதைப் பற்றித்தான்.

படமெடுக்க ஸ்பிதிக்கும் லடாக்கிற்கும் போகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் கொண்டுவரும் படங்களை ஆசையோடு பார்ப்பேன். ஆனால் ஒருமுறை வந்து போகிறவரால் எடுக்கவே முடியாத படங்கள் சில இருக்கின்றன. கடற்கரை அப்படிப்பட்ட இடம். நேற்று நின்ற மணல் இன்று இருக்காது. ஜூனில் இருந்த கரை டிசம்பரில் இருக்காது. அதைப் படமாக்க அருகிலேயே குடியிருக்க வேண்டும். தினமும் அந்த வழியாக நடக்கிறவரிடம் கேமரா இருக்க வேண்டும். அந்த வாய்ப்பு இந்த ஊர்க்காரர்களான நமக்குத்தான் கிடைத்திருக்கிறது. நாம் அதை வீணாக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது என் வருத்தம்.

முகத்துவாரத்திலிருந்து தொடங்குகிறேன். அடையாறு கடலில் சேரும் இடத்தை வரைபடத்தில் ஒரு கோடாகப் போட்டிருப்பார்கள். நேரில் அது ஓரிடத்தில் நிற்பதில்லை. கோடையில் ஆற்றில் ஓட்டம் குறைந்ததும் அலைகள் மணலைக் குவித்து வாயை அடைக்கப் பார்க்கும். மணல்திட்டு நீண்டு ஒரு கரையிலிருந்து மறு கரையைத் தொட வரும். வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும்போது அந்தத் திட்டு உடையும். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்த வாய் எவ்வளவு அகன்றது என்பதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். மழை நின்ற பிறகு மணல் மறுபடியும் சேரத் தொடங்கும்.

இந்த மணல் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பது குப்பத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். தெற்கிலிருந்து வடக்கே போகும் நீரோட்டத்தைத் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவது வன்னி. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கரையோர மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. பருவமழைக் காலத்தில் திசை திரும்புகிறது. ஆண்டுக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம்.

நம் நகரத்தின் கடற்கரையையே உண்டாக்கியது அந்த நகர்வுதான். 1876இல் சென்னைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது. கடலுக்குள் நீண்ட சுவர்கள் வடக்கே போகும் மணலைத் தடுத்தன. தடுத்த மணல் தெற்கே சேர்ந்து சேர்ந்து இன்று நாம் பார்க்கும் அகலத்துக்கு மெரினா வளர்ந்தது. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அதன் ஓரத்தில் நடைபாதை போட்டு அந்தப் பெயரை வைத்தார். துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் வர வேண்டிய மணல் வராமல் போனது. அங்கே கடல் நிலத்தை எடுத்துக்கொண்டது. இன்றும் அந்தக் கரை முழுவதும் கருங்கல் கொட்டித்தான் காக்கிறார்கள். புதுச்சேரியிலும் 1980களில் துறைமுகம் கட்டிய பிறகு நகரத்தின் கடற்கரை இதே காரணத்தால் காணாமல் போனது.

துறைமுகம் வருவதற்கு முன்பு கப்பல்கள் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் மசூலா படகுகளில் அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் இயங்கிய நிக்கலஸ் ஸ்டூடியோ போன்றவர்கள் அந்தப் படகுகளைப் படமெடுத்திருக்கிறார்கள். ஊரின் வேடிக்கைக் காட்சிகளாக விற்பதற்கு எடுத்தவை. இன்று நான் அவற்றைப் பார்க்கும்போது படகை விடப் படகின் அடியில் இருக்கும் மணலைத்தான் அதிக நேரம் பார்க்கிறேன். கரை எவ்வளவு சரிவு, அலை எங்கே உடைகிறது, பின்னால் தெரியும் கட்டடம் எவ்வளவு தூரம்? எடுத்தவர் நினைத்தே பார்க்காத தகவல்கள் அந்தக் கண்ணாடித் தகட்டில் தங்கிவிட்டன. நம் படங்களிலும் அப்படித் தங்கும். அதற்கு இடமும் தேதியும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள்: ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கேயே நின்று, அதே லென்ஸில், அதே உயரத்தில் மாதம் ஒருமுறை எடுங்கள். சட்டகத்துக்குள் நகராத ஒரு பொருள் இருக்க வேண்டும். முகத்துவாரத்தில் அதற்கு உடைந்த பாலம் இருக்கிறது. 1967இல் கட்டியது, பத்து ஆண்டுகளில் வெள்ளத்தில் இடிந்தது. சினிமாவில் சண்டைக் காட்சிக்கும் காதல் காட்சிக்கும் பயன்பட்டுப் பலருக்கும் தெரிந்துபோன இடம். எனக்கு அது அளவுகோல். எந்தத் தூணின் காலில் தண்ணீர் நிற்கிறது, எந்தத் தூணைச் சுற்றி மணல் ஏறியிருக்கிறது என்று பார்த்தாலே அந்த மாதத்தின் நிலை தெரிந்துவிடும். முந்தைய படத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டு, பாலத்தின் விளிம்பும் பின்னால் தெரியும் கட்டடத்தின் மூலையும் அதே இடத்தில் பொருந்தும்வரை இடம் வலமாக நகர்ந்து எடுக்க வேண்டும். தனியாகப் பார்த்தால் ஒரு படத்திலும் பெரிதாக எதுவும் இருக்காது. ஓராண்டுப் படங்களை வரிசையாக அடுக்கினால் ஆறு நகர்வது கண்ணுக்குத் தெரியும்.

இனி வெளிச்சம். நம்முடையது கிழக்கு பார்த்த கரை. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் மறையும். எல்லோரும் கேமராவோடு வருவது சூரிய உதயத்துக்கு. ஆரஞ்சு வட்டம், அதன் முன்னே கறுப்பாக ஒரு படகு. அந்தப் படத்தை எல்லாரும் எடுத்திருக்கிறோம். ஆனால் சூரியன் உதிக்கும் இடமும் நகர்கிறது. நம் அட்சரேகையில் ஜூன் மாதம் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 டிகிரி வடக்கே எழுகிறது, டிசம்பரில் அதே அளவு தெற்கே. கரையில் நின்று பார்த்தால் அடிவானத்தில் கணிசமான தூரம். எந்த மாதத்தில் வெளிச்சம் படகுகளின் பக்கவாட்டில் விழும், எந்த மாதத்தில் முகப்பில் விழும் என்பது இதைப் பொறுத்தது. விடியலும் நமக்குச் சீக்கிரம் முடிந்துவிடும். நிழலில்லாத அந்த நீல வெளிச்சம் அரை மணி நேரம்கூட இருக்காது.

வானத்தையும் கடலையும் ஒரே படத்தில் சரியாகக் கொண்டுவருவது பழைய சிக்கல். 1850களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடலைப் படமெடுத்தபோது, அன்றைய தகடுகள் நீல நிறத்துக்கு மிகையாக உணர்வு காட்டியதால் வானம் வெளுத்துப்போனது. அவர் வானத்துக்கு ஒரு நெகட்டிவ், கடலுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். இன்று நம் போன்கள் கேட்காமலே அதைச் செய்துவிடுகின்றன. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நம் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தது நினைவிருக்கும். நாக்டிலூக்கா என்ற நுண்ணுயிர் பெருகியதால் வந்த ஒளி. அன்று வெளியான படங்களில் பல, கண் பார்த்ததை விடப் பல மடங்கு நீலமானவை. நீண்ட எக்ஸ்போஷருக்கு அப்படித்தான் வரும், அது பொய்யும் அல்ல. ஆனால் எத்தனை விநாடி திறந்து வைத்தது என்பதைப் படத்தோடு எழுதி வைத்திருந்தால், பின்னால் பார்க்கிறவருக்கு அன்றைய இரவு சரியாகப் புரியும்.

மாலை நேரத்துக்கு வருவோம். மேற்கே சூரியன் மறைந்ததும் பெரும்பாலானோர் கேமராவைப் பையில் வைத்துவிடுகிறார்கள். அப்போதுதான் நின்று கிழக்கே கடலைப் பார்க்க வேண்டும். அடிவானத்துக்குச் சற்று மேலே சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அதற்கு மேலே இளஞ்சிவப்பு. அந்த நீலப் பட்டை பூமியின் சொந்த நிழல். காற்றுமண்டலத்தின் மேல் விழுந்து நம் கண்முன்னே உயர்கிறது. மேற்கு பார்த்த கரையில் சூரியன் மறைவதைப் பார்க்கிறார்கள். நமக்கு இது கிடைத்திருக்கிறது. பௌர்ணமியன்று ஏறத்தாழ அதே நேரத்தில் அந்த நிழலுக்குள்ளிருந்து நிலா எழும். வானமும் நிலாவும் நெருங்கிய வெளிச்சத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில் இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் எடுத்துவிடலாம்.

ஓத ஏற்றத்தாழ்வு நம் கரையில் அதிகம் இல்லை, பெரிய ஓதத்திலும் ஒரு மீட்டர் அளவுதான். வெளிநாட்டுப் புத்தகங்களில் ஓத அட்டவணை பார்த்துப் போகச் சொல்லியிருப்பார்கள். நமக்கு அதை விடக் காற்றின் திசையும் அலையின் உயரமும் முக்கியம். அலையைப் பற்றி என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நீண்ட எக்ஸ்போஷரில் அலைகளை மூட்டமாக்கி எடுக்கிற படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. நம் அலை கரைக்கு மிக அருகில் சுருண்டு பலமாக விழுகிற அலை. ஃபைபர் படகைத் தள்ளுகிறவர்கள் எந்த அலையை விட்டு எந்த அலையில் இறங்குவது என்று நின்று பார்த்துக் காத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு படத்தில் தெரிய வேண்டுமென்றால் ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு விநாடியாவது வேகமாக இருக்க வேண்டும். ஜப்பானியக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகெங்கும் கடல்களை, அடிவானம் சட்டகத்தின் நடுவில் வர, ஆளோ கரையோ இல்லாமல் எடுத்துவருகிறார். அவருக்கு அது சரி. நம் கரையில் ஆளில்லாக் கடல் என்று ஒன்றை எடுக்க வேண்டுமானால் பலரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

இப்போது குனிந்து பார்ப்போம். என் பேச்சின் இந்தப் பகுதியைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன்.

காலையில் வெயில் தாழ்வாக விழும்போது ஈர மணலில் கரிய கோடுகள் தெரியும். அழுக்கென்று நினைத்துத் தாண்டிப் போகிறோம். கையில் எடுத்துப் பாருங்கள், சாதாரண மணலை விடக் கனமாக இருக்கும். இல்மனைட், கார்னெட் போன்ற கனிமத் துகள்கள் அவை. அலை ஏறி இறங்கும்போது இலேசான துகள்களைத் திரும்ப எடுத்துச் செல்கிறது, கனமானவை தங்கிவிடுகின்றன. ஒவ்வொரு அலையும் எட்டிய எல்லையைக் கறுப்பில் வரைந்துவிட்டுப் போகிறது. புயலுக்குப் பிறகு போனால் கரை வெட்டுப்பட்டு ஓர் அடி உயரச் சுவராக நிற்கும். அந்த வெட்டில் வெளிர் மணலும் கருமணலும் அடுக்கடுக்காகத் தெரியும். முழங்காலிட்டு, லென்ஸை மணலுக்கு ஒரு சாண் உயரத்தில் வைத்து, வெளிச்சத்துக்குக் குறுக்காக எடுத்தால் ஒவ்வொரு அடுக்கும் நிழலோடு எழுந்து நிற்கும். உச்சி வெயிலில் அதே இடத்தில் ஒன்றும் தெரியாது. ஒன்று கவனியுங்கள்: மணல் வெளிர்நிறமானதால் கேமராவின் மீட்டர் ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள்.

மேலே, அலை எட்டாத மணலில் அடப்பங்கொடி படர்ந்திருக்கும். ஆட்டுக் குளம்பு வடிவில் இலை, ஊதாநிறப் பூ. சங்க காலத்தில் அடும்பு என்று நெய்தல் நிலத்தின் பாடல்களில் வருவது இதுதான். பூ காலையில் விரிந்து வெயில் ஏறினால் வாடிவிடும். அதனருகே ராவணன் மீசை. விறைத்த முள்போன்ற நீளப் புல். அதன் விதைத் தலை காய்ந்ததும் கழன்று பந்தாக உருண்டு காற்றோடு ஓடும், ஓடும் வழியெல்லாம் விதை உதிர்க்கும். காற்று வீசும் மதியத்தில் அது மணலில் விட்டுப்போகும் குத்துத் தடங்களைப் பின்தொடர்ந்து பாருங்கள். இந்த இரண்டு செடிகளும் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அழகுபடுத்துகிறோம் என்று கரையைச் சமப்படுத்தும்போது முதலில் போவதும் இவைதான். ஆகவே எங்கெங்கே இருக்கின்றன என்று படம் எடுத்து வைப்பது அவசியம்.

நண்டுகள். முகத்துவாரத்தின் ஓரத்தில், ஆற்று நீர் தேங்கும் தட்டையான மணலில், விரல் நகத்தளவு நண்டுகள் மணலை வாயில் வடிகட்டி, இரையைத் தின்றுவிட்டு, மிச்சத்தைச் சின்னச் சின்ன உருண்டைகளாக வைத்துவிடும். வளையைச் சுற்றி அவை பரவியிருப்பது வாசலில் புள்ளி வைத்த கோலம் போல இருக்கும். அடுத்த ஏற்றத்தில் அழிந்துவிடும். எடுக்க வேண்டுமென்றால் அசையாமல் உட்கார வேண்டும். உங்கள் நிழல் வளையின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு கண் வெளியே வரும், காம்பின் முனையில். பிறகு பக்கவாட்டில் பாதி உடம்பு. நீங்கள் மூச்சு விட்டாலும் உள்ளே போய்விடும் என்று தோன்றும். ஆனால் அதற்கு உங்கள் அசைவுதான் பயம். அசையாதவரைப் பாறையாக எடுத்துக்கொண்டு தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் கனக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு உலகம் பார்த்த நம் கடற்கரைப் படம் ஒன்று உண்டு. ஆர்கோ தத்தா கடலூரில் எடுத்தது, இறந்துபோன உறவினரின் அருகில் ஒரு பெண் மணலில் விழுந்து அழுகிறார். உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பெற்றது. வலிமையான படம், எடுக்க வேண்டிய படம். ஆனால் அந்தப் பேரழிவுக்கு முன்பும் பின்பும் நம் கடற்கரை மக்களை நாம் எவ்வளவு குறைவாகப் பார்த்திருக்கிறோம்! அழும்போதும், உதய வெளிச்சத்தில் கறுப்பு உருவமாக வலை வீசும்போதும் மட்டும்தான் அவர்கள் நம் படத்துக்குள் வருகிறார்கள். முகம் தெரிவதில்லை, வேலை தெரிவதில்லை.

குப்பத்துக்குள் போகும்போது கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, "அண்ணே, எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். மீன் விற்கும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "எடுத்துக்கோ, ஆனா மீன் தெரியிற மாதிரி எடு. காலையில இருந்து நான் பாடுபட்டது அதுக்குத்தான்." அவர் சொன்னதை வைத்து எடுக்கத் தொடங்கியபோது படங்கள் மாறின. கூடையில் சங்கரா மீனின் சிவப்பு, கானாங்கெளுத்தியின் முதுகில் ஓடும் பச்சைக் கோடுகள், ஏலம் கேட்கும் கைகள், வலையின் கிழிசலில் ஊசி நுழையும் இடம். எடுத்த படத்தை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவது வேறு, வீட்டுச் சுவரில் மாட்டுவது வேறு.

இதில் இன்னொரு பயனும் இருக்கிறது. படகு நிறுத்தும் மணல், வலை காயவைக்கும் மணல், கருவாடு போடும் மணல் எல்லாம் வெளியாள் கண்ணுக்குக் காலி இடமாகத் தெரியும். சாலை போடலாம், பூங்கா வைக்கலாம் என்று திட்டம் வரும். 2011ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர்கள் பயன்படுத்தும் இடங்களை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. அந்த இடத்தில் எந்த மாதம் எந்த வலை காய்ந்தது என்று தேதியோடு இருக்கும் படம் அப்போது சாட்சியாகிறது. அழகுக்காக எடுத்த படமும் அந்த வேலையைச் செய்யும், குறிப்பு இருந்தால்.

அழகில்லாதவற்றையும் எடுக்க வேண்டும். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெய் தெற்கே நம் கரை வரை வந்தது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. அந்தக் காட்சியை முகம் திருப்பாமல் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவு தெரியும்படி எதையாவது வையுங்கள், ஒன்றுமில்லையென்றால் உங்கள் செருப்பையாவது. ஓட்டின் மேல்பக்கம், தலை, துடுப்பு என்று தனித்தனியாக எடுங்கள். தொடாதீர்கள், எடுத்ததும் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உயிரோடு வரும் ஆமைகளைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும், சீசன் வரப்போகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டுவிட்டுப் போகும். 1988 முதல் மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து இந்தக் கரை வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைப் பாதுகாப்பான குஞ்சு பொரிப்பகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அவர்களோடு நடங்கள். ஆனால் ஆமை கரையேறும்போது ஃபிளாஷ் கூடாது, போன் டார்ச் கூடாது, திரையின் வெளிச்சம்கூட வேண்டாம். வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் கடலென்று நினைத்துத் தெருவிளக்கை நோக்கி நடந்துவிடும். அந்தப் படத்தை விட்டுவிடுங்கள். விடிந்ததும் போய்த் தடத்தை எடுங்கள். இடது வலது என்று மாறி மாறித் துடுப்பு ஊன்றிய அடையாளம், நடுவே வயிறு இழுத்த பள்ளம், மேலே ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. நடைப்பயிற்சிக்காரர்களின் கால்கள் அதன் மேல் படுவதற்கு முன்பே போக வேண்டும், ஐந்தரை மணிக்கு. வர விருப்பமுள்ளவர்கள் வெளியே வைத்திருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.